எட்டு நூல் கருங்காலி

கிட்டார் வாசிக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். என்ன கம்பெனி, என்ன மரம், என்ன தந்தி என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ஸ்டீல் கிட்டாரும் சித்திரவீணையும் வாசிக்கிற எங்கள் கூட்டம் வேறு. இடது கையில் பிடித்திருக்கும் ஒரு சின்ன உருளை பற்றி எங்களிடம் வாயைக் கொடுத்தால் தப்பிக்க முடியாது. அது எத்தனை கனம், எத்தனை நீளம், எத்தனை எடை என்பதில்தான் எங்கள் உலகமே அடங்கியிருக்கிறது. காரைக்குடியில் கடைந்து வாங்கிய எட்டு நூல் கருங்காலிக் கட்டை ஒன்று என் கைக்கு வந்த நாளிலிருந்து, எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சரியான அளவுக் கட்டை கிடைத்துவிட்டால் வாத்தியத்துக்குத் தொண்டை முளைக்கிறது!

மிகைப்படுத்தவில்லை. சித்திரவீணையில் மெட்டு கிடையாது. வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்து, ஸ்வரங்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பலகை மொட்டை. தந்திமேல் வழுக்கிப்போகும் கட்டைதான் மெட்டு. அது எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்வரம். எப்படி நகர்கிறதோ அப்படி கமகம். வலது கை மீட்டுகிறது, அவ்வளவுதான். பாட்டு முழுக்க அந்தக் கட்டையின் அடிவயிறு தந்தியைத் தொடும் ஒரு மெல்லிய கோட்டில் நடக்கிறது. அந்தக் கோட்டைத் தாங்கும் பொருளைக் கிடைத்த அளவில் எடுத்து வைத்துக்கொள்ள எப்படி மனசு வரும்?

கோட்டுவாத்தியம் என்ற பழைய பெயரில் இந்த வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் பாடம் கேட்டவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். வாய்ப்பாட்டு மேதை ஆகப்போகிற ஒரு பையன், கட்டை வழுக்கும் வாத்தியக்காரரிடம் உட்கார்ந்து கற்றிருக்கிறான்! இந்த வாத்தியம் எவ்வளவு தூரம் பாடும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? பிறகு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள், மைசூர் சமஸ்தானம்வரை புகழ் பரப்பிய நாராயண ஐயங்கார் என்று ஒரு பெரிய வரிசை. நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண் கையில் இருப்பது டெஃப்லான் கட்டை. எருமைக் கொம்பு, கருங்காலி, கண்ணாடி, எஃகு, டெஃப்லான் என்று ஒவ்வொரு தலைமுறையும் எதையாவது தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. பொருளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அளவைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

என் கையில் முதலில் ஏறியது ஹவாய் கிட்டார். மடியில் படுக்கவைத்து எஃகு உருளையால் வாசிப்பது. ஒரு காலத்தில் வானொலியில் சினிமாப் பாட்டை இந்தக் கிட்டாரில் வாசித்த இசைத்தட்டுகள் எத்தனை வந்தன! வான் ஷிப்ளி, சுனில் கங்குலி வாசித்ததைக் கேட்டு ஏங்காத காது உண்டா? காரைக்குடிக்கும் இசைத்தட்டுக்கும் பந்தம் பழையது. இந்த ஊர்க்காரர் ஏ.வி.மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன் செய்தது இசைத்தட்டு வியாபாரம். அவருடைய ஸ்டுடியோவே சில காலம் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம்.

ஹவாய் கிட்டாரின் பிறப்புக் கதையும் ஒரு உருளையில்தான் தொடங்குகிறது. ஓவாஹு தீவில் லாயி என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவன், 1889 வாக்கில், தண்டவாளத்தோரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கிட்டார் தந்திமேல் தேய்த்துப் பார்த்தான் என்கிறார்கள். போல்ட் போய்க் கத்தி முதுகு வந்தது. அதுவும் போய், வழவழப்பான எஃகுத் துண்டு வந்தது. கெகுகுவுக்கும் முன்னால் கேப்ரியல் டேவியன் என்று ஒருவர் இப்படி வாசித்தார், அவர் இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தவர் என்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு. அது எனக்கு எவ்வளவு இனிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை! 1915 சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசை பெரிய வெற்றி பெற, அந்த உருளை உலகம் சுற்றியது. நம் பக்கத்தில் பல காலமாகக் கோட்டுவாத்தியக் கட்டை தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டிருந்தது.

கிட்டாருக்குப் பின் தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்த ஒரு சித்திரவீணை வீட்டுக்கு வந்தது. அதற்கான கட்டையைத் தேடிப் புறப்பட்டதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு தெரியாதவர்கள் ஒருமுறை வந்துவிட வேண்டும். பழைய சாமான் கடைகள் வரிசையாக நிற்கும். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், ரவிவர்மா படம், எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா, தகரப் பெட்டி. ஒரு கடையின் மூலையில், குடைக் கம்பிகளுக்கும் மரப்பாச்சிகளுக்கும் நடுவே, ஒரு கருங்காலி உலக்கை சாய்ந்திருந்தது. பூண் கழன்றுபோயிருந்தது. யாரோ ஒரு ஆச்சி வீட்டில் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மாவும் குத்திய உலக்கை. கை பட்டுப் பட்டு நடுப்பகுதி கண்ணாடியாக மின்னியது. கருங்காலி மாலைக்கு இப்போது இருக்கிற மோகத்தில் இந்த மரத்தின் பெயரைச் சொன்னாலே விலை ஏறுகிறது. நல்லவேளை, உலக்கையை மாலையாக யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விரல் மொட்டால் தட்டினேன். ‘டங்’ என்றது. நல்ல வைரம் பாய்ந்த மரம் அப்படித்தான் பேசும். பேரம் பேசவும் மறந்து வாங்கிவிட்டேன்.

அங்கிருந்து கடைசல் பட்டறை. அந்த ஆசாரி கட்டில் கால், ஊஞ்சல் குமிழ், மாடிப்படிக் கைப்பிடித் தூண் கடைகிறவர். வாத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் மரம் தெரியும், அளவு தெரியும்.

“என்ன தம்பி, பூரிக்கட்டையா?”

“இல்லண்ணே, வீணைக்கு. தந்திமேல இழுக்கிற கட்டை.”

“எத்தன நூலு?”

அந்தக் கேள்வியில் நான் குளிர்ந்துபோனேன். அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒன்று, ஒரு நூல். நம் ஆசாரிமார் மரம் வாங்குவதும் அறுப்பதும் இந்தக் கணக்கில்தான். அமெரிக்காவில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்கள் பல காலமாக வைத்திருக்கும் பிரபலமான உருளையின் கனம் எட்டில் ஏழு அங்குலம். அதாவது ஏழு நூல்! நாஷ்வில் நாட்டுப்புறப் பாட்டுக்காரரும் காரைக்குடி ஆசாரியும் ஒரே கணக்கில் பேசுகிறார்கள். ஆறு நூல், ஏழு நூல், எட்டு நூல், பத்து நூல் என்று நான்கு கனத்திலும், எல்லாவற்றையும் மூன்று அங்குல நீளத்திலும் கடையச் சொன்னேன்.

“அரை நூல் கூடக்கொறைய இருந்தா பரவால்லயா?”

“கூடாதுண்ணே. நடுவுல ஒரு மயிரிழை பள்ளம் இருந்தாலும் தந்தி கத்தும்.”

ஆசாரி பதில் பேசவில்லை. உலக்கையில் ஒரு துண்டு அறுத்து முனைகளைக் கடைசலில் பிடித்து ஓடவிட்டார். முதலில் வந்த சுருள் பழுப்பு; அடுத்தது கரும்பழுப்பு; அதற்கப்புறம் மை. உளியை எடுத்து எடுத்து அளவுக் கவையால் பார்த்தார். உப்புத்தாளைக் கரடில் தொடங்கி மெல்லியதுவரை மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைசியாக, கீழே கிடந்த அதே மரத்தின் சுருளை ஒரு கை அள்ளி, சுழல்கிற கட்டைமேல் அழுத்தினார். மரம் தன் சீவலாலேயே தன்னைத் தேய்த்துக்கொண்டது. ஒரு சூட்டு வாசனை. கையை எடுத்தபோது அதில் பட்டறைக் குழல்விளக்கு நேர்கோடாகத் தெரிந்தது. வளையாத, நெளியாத ஒரு வெள்ளைக் கோடு. அது நெளியாமல் இருந்தால் கட்டை சமமாக இருக்கிறது என்று அர்த்தம். வார்னிஷ் பூச வந்தவரைக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

இப்போது அளவு விவகாரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை அவசரம்.

ஆறு நூல் கட்டை விரல்களுக்குள் ஓடி விளையாடியது. பிருகா அருமையாக விழுந்தது. ஆனால் ஒலி மெலிந்து சீக்கிரம் அணைந்தது. காரணம் எளிது. அதிர்கிற தந்தி தன்மேல் உட்கார்ந்திருப்பதையும் ஆட்டப் பார்க்கும். உட்கார்ந்திருப்பது லேசாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். தந்தியின் சக்தியை அது குடித்துவிடும். கனமாக இருந்தால் அசையாது, சக்தி தந்தியிலேயே தங்கும், நாதம் நீளும். பத்து நூலில் நாதம் நீண்டது, உருண்டையாக, கோயில் மணிக்குள் நின்று கேட்பதுபோல நீண்டது. ஆனால் கை ஓடவில்லை.

ஓடவில்லை என்றால் எவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். என் வாத்தியத்தின் தந்தி நீளம் சுமார் 32 அங்குலம். திறந்த தந்தி ஸட்ஜம் என்றால், மத்திய ஸ்தாயி சுத்த ரிஷபம் குதிரையிலிருந்து 30 அங்குலத்தில்; சுத்த மத்யமம் 24இல். தோடி காந்தாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுவது. கட்டை ஒரு அசைவுக்கு ஆறு அங்குலம்வரை போய்வர வேண்டும்! ஒரு காந்தாரத்துக்கே இவ்வளவு பயணம். ஏழு நூல் கனத்தில் மூணே கால் அங்குல நீளமுள்ள எஃகு உருளை 200 கிராமுக்கு மேல் இருக்கும். அதைத் தந்தியில் இந்த வேகத்தில் அங்கும் இங்கும் எறிந்து, சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் நிறுத்த மணிக்கட்டு சம்மதிக்காது. எட்டு நூல் கருங்காலி ஏறக்குறைய 40 கிராம்தான். அதே அளவு டெஃப்லான் அதைப்போல இரண்டு மடங்கு. ஹவாய்ப் பாட்டில் கட்டை ஓரிடத்தில் நின்று ஒய்யாரமாக நடுங்கும்; அங்கே எடை தோழன். நம் பாட்டில் கட்டை நிற்கிற நேரமே குறைவு. அதனால் பொருளை லேசாக்கி, கனத்தைக் கூட்டி, எடையைத் தேவையான இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்தச் சமன்பாட்டுக்கு எட்டு நூல் கருங்காலி என் கையில் தந்த விடை இருக்கிறதே, அடடா!

மேல் ஸ்தாயிக்குப் போனால் இன்னொரு அதிசயம். தாரஸ்தாயியில் அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடைவெளி முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, ஆறரை நூல் அளவு. கட்டையே எட்டு நூல்! ஸ்வரங்களின் இடைவெளியைவிடக் கட்டை பருமன். ஆனாலும் தடுமாற்றம் இல்லை. தந்தியைத் தொடுவது உருளையின் அடியில் ஒரு கோடு மட்டுமே. கண் கட்டையின் விளிம்பைப் பார்க்காமல் முதுகின் நடுவைப் பார்க்கப் பழக வேண்டும்; அப்புறம் கண்ணே வேண்டாம், காது போதும். பத்து நூலில் அந்த நடுவைக் கண்டுபிடிக்கக் கண் திணறுகிறது. எட்டில் தானாகத் தெரிகிறது. பேகடா மத்யமம் உயர்ந்து நிற்பதையும், சஹானா காந்தாரம் குழைந்து இறங்குவதையும் இந்தக் கட்டையில் இழுக்கும்போது, நான் வாசிக்கிறேனா கேட்கிறேனா என்றே தெரிவதில்லை.

எஃகின் ஒலியையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எஃகு உச்ச ஒலிகளை எல்லாம் அப்படியே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் ஹவாய் கிட்டாரில் அந்தப் பளபளப்பு. மரம் உச்சத்தில் கொஞ்சத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மீதியைத் தருகிறது. குரல் போன்ற அந்த வழவழப்புக்கு அதுதான் காரணம். சித்திரை மாதக் காரைக்குடியில் எஃகு வியர்வையில் வழுக்கும். கருங்காலி வியர்வையில் ஒட்டி நிற்கும். கத்திரி வெயிலில் வாசிக்கிறவனுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு நாதம் நீள்வதைப் பற்றிப் பேசும்போது காரைக்குடி சகோதரர்களை நினைக்காமல் எப்படி? மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பாராம். இளையவர் சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி. மிருதங்கத்துக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. சாம்பசிவ ஐயருக்கு 1952இல் சங்கீத கலாநிதி. அவருடைய பதிவுகளைக் கேட்டால் ஒரு மீட்டு முழுக்க ஒலித்துத் தீர்ந்த பிறகே அடுத்த மீட்டு. அந்தத் தானத்தின் நிதானம்! அவர்களுக்கு மெட்டு இருந்தது, எனக்குக் கட்டை. ஆனாலும் என் கட்டை தந்தியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிதானத்தை எட்டத்தான் பார்க்கிறேன். கனம் கூடிய கட்டைமேல் எனக்கு வந்த ஆசைக்குப் பாதிக் காரணம் இந்த ஊர்தான்.

அடுத்து நீளம். இதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டை எல்லா முக்கியத் தந்திகளையும் மூடி, தூரத்துத் தந்தியைத் தாண்டி ஒரு நூலாவது நீண்டிருக்க வேண்டும். இந்தப் பக்கம் விரல் பிடிக்க இடம் வேண்டும். சித்திரவீணையில் மேலே ஆறு தந்தி. ஆறு தந்திக் கிட்டாரிலும் அப்படியே. இரண்டுக்கும் மூன்று அங்குலம் தாராளமாகப் போதும். பத்துத் தந்திப் பெடல் ஸ்டீலுக்கு மூணே கால் வேண்டும். தேவைக்கு மேல் நீளமானால் நுனி பக்கத்துத் தந்திகளில் இடித்துச் சத்தம் போடும். கிட்டார் உருளையின் ஒரு முனையைத் துப்பாக்கிக் குண்டுபோல உருட்டியிருப்பது ஒற்றைத் தந்தியில் சாய்த்து வாசிக்க. ஸ்டீவன்ஸ் வகையில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். தந்தியிலிருந்து அடிக்கடி தூக்கி வைத்து வாசிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். விசித்திர வீணைக்காரர்கள் முட்டை மாதிரிக் கண்ணாடி உருண்டையில் வாசிக்கிறார்கள், அது தனி அழகு. 1994இல் கிராமி விருது வாங்கிய விஸ்வமோகன் பட் மோகன வீணையில் எஃகு உருளையை ஓடவிடுவதைக் கேளுங்கள். 200 கிராமோ என்னவோ, எடை இருப்பதே தெரியாது. அந்தக் கைக்கு அந்த அளவு.

உங்கள் கைக்கு எது என்று பார்க்க ஒரு வழி. கட்டையைத் தந்திமேல் வையுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு பக்கமும் தழுவ, சுட்டுவிரல் முதுகில் படுக்கட்டும். விரல்கள் இறுக்காமல் கட்டை தன் எடையில் தந்திமேல் அமர வேண்டும். அழுத்தினால்தான் ஒலிக்கிறது என்றால் லேசு. அடுத்த ஸ்வரத்துக்குத் தோள் அசைகிறது என்றால் கனம். கட்டையை விரலால் லேசாக உருட்டிப் பாருங்கள். பருமனான கட்டை அதே உருட்டலுக்கு அதிக தூரம் நகரும், கம்பிதம் அகலமாகும். மெலிந்தது கொஞ்சம் நகரும், நடுக்கம் நெருக்கமாகும். பின்னால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தந்தியை மென்மையாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் கட்டைக்குப் பின்பக்கத் தந்தி தன் பாட்டுக்கு முனகும். அந்த இரு விரலுக்கும் இடம் விடாத கட்டை எத்தனை அழகாக இருந்தாலும் உங்களுடையதல்ல.

கிட்டாருக்கு நான் ஏழு நூல் எஃகையே வைத்திருக்கிறேன்; அங்கே அதற்கு ஈடில்லை. சித்திரவீணைக்கு எட்டு நூல் கருங்காலி. உலக்கையில் இன்னும் நீளம் மிச்சமிருக்கிறது. அடுத்து அனுமந்தரத்தில் நிதானமான ஆலாபனைக்கென்று ஒன்பது நூல் கடையப் போகிறேன். இந்த முறை அளவைச் சொன்னதுமே ஆசாரி, “நடுவுல பள்ளம் கூடாது, அதானே?” என்றார்.

கட்டையைப் பராமரிப்பது எளிது. வாரம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டித் துணியால் மின்னும்வரை துடையுங்கள். தந்தியில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. பட்டால் நாதம் மங்கும். குளிர்ப்பதன அறையிலும் வெயில் படும் ஜன்னலோரமும் வைக்காதீர்கள், மரம் நெளியும். குழல்விளக்கைக் காட்டிப் பாருங்கள். அந்த வெள்ளைக் கோடு எங்காவது வளைந்தால், மெல்லிய உப்புத்தாளோடு கடைசலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.